கிரவுன் பல்லின் தடம்

ஆஷ்வில், வட கரோலினா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன வாரம் போனில் நான் பேசியதில் பாதிக்கு மேல் உங்கள் காதில் விழவில்லை என்று சித்தி சொன்னார். வண்டி விஷயம் உங்களுக்கு அரைகுறையாக வந்து சேர்வதில் எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி 1972ஆம் வருஷத்து செவ்ரோலே சி10 பிக்கப். நம் ஊர் குட்டி யானையை வைத்து அளந்துவிடாதீர்கள். மூன்று பேர் தாராளமாக உட்காரும் ஒரே நீள சீட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே பெட்ரோல் டேங்க். பின்னால் வில்பட்டையே கிடையாது, காயில் ஸ்பிரிங்தான். நான் வாங்கும்போது ஆறு சிலிண்டர், 4.1 லிட்டர் எஞ்சின். அப்பாவிடம் இருந்த பழைய அம்பாசடர் மாதிரி ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், மொத்தம் மூன்று. கம்பெனிக் கணக்கில் 110 குதிரைசக்தி. வெறும் வண்டிக்கு அது போதும். ட்ரெய்லரில் பலகை ஏற்றிக்கொண்டு, ஓல்டு ஃபோர்ட் என்ற ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறும் ஐ-40 சாலையில் வந்தால் திணறிவிடும். நூறு அடிக்கு ஆறு அடி ஏற்றம், மைல் கணக்கில் விடாமல் ஏறும். லாரிகள் வலது ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும், அவற்றுக்குப் பின்னால் நானும் ஊர்வேன்.

எஞ்சினை மாற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி உடைக்கிற இடத்தில் 2002ஆம் வருஷத்து சில்வராடோ ஒன்றின் எஞ்சின் கிடைத்தது. 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர், இரும்பு பிளாக், 285 குதிரைசக்தி. கூடவே நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸும் வந்தது. ஆயில் சேம்பர் கீழே அதிகமாகத் தொங்கியதால் வேறு சேம்பர் மாட்டினேன். பாக்ஸ் நீளம் என்பதால் ஜாயிண்ட் ராடை வெட்டிக் குறுக்கி, பேலன்ஸ் பார்த்து வாங்கினோம். கார்புரேட்டர் போய் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டதால் சீட்டுக்குப் பின்னால் இருந்த டேங்கைக் கழற்றி, உள்ளே பம்பு வைத்த டேங்கைப் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு அடியில் பொருத்தினோம். கேபினில் வீசிக்கொண்டிருந்த பெட்ரோல் வாசனை அன்றோடு போனது. புது பாக்ஸில் கேபிளுக்கு இடமில்லை, அதனால் ஸ்பீடோமீட்டரும் ஜிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டது.

இவ்வளவையும் போன தீபாவளி அன்று போனில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. “எஞ்சின் சரி சாமி, கிரவுன் எத்தனைக்கு எத்தனை?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பின் அச்சின் மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணினேன். கிரவுனில் 43, பினியனில் 14. அதாவது 3.07. சமவெளியில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வைத்த கிரவுன். பழைய பாக்ஸில் டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, ஆகவே தட்டுத் தடுமாறி ஓடியது. புது பாக்ஸின் நாலாவது கியரோ 0.70. இரண்டையும் பெருக்கினால் 2.15தான் வருகிறது. 28 அங்குல டயரில் மணிக்கு 65 மைல், நம் கணக்கில் 105 கிலோமீட்டர், போனால் எஞ்சின் 1,700 சுற்றைக்கூடத் தொடாது. அந்தச் சுற்றில் இந்த எஞ்சினுக்கு இழுவை இல்லை. சின்ன ஏற்றம் வந்தாலே பாக்ஸ் நாலிலிருந்து மூன்றுக்கு இறங்கும், உடனே நாலுக்கு ஏறும், மறுபடி இறங்கும். கியர் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போனது. அத்தனை குதிரைகளையும் வாங்கிக் கொட்டகையில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. டிப்பருக்கு ஒரு கிரவுன், லைன் வண்டிக்கு ஒரு கிரவுன் என்று நீங்கள் பட்டறையில் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதன் அர்த்தம் இந்த மலையில்தான் எனக்குப் புரிந்தது.

41க்கு 11 வாங்கினேன். 3.73. நாலாவதில் 2.61 ஆகிறது, அதே வேகத்துக்கு 2,050 சுற்று வாக்கில். இங்கே ஒரு பட்டறையில் மாட்டக் கொடுத்தேன். திரும்பி வந்த வண்டி 45 மைலில் ஆக்சிலேட்டரை விட்டால் ஊளையிட்டது. “புதுப் பல், ஓட ஓடப் பழகிடும்” என்றார்கள். ஊளையிடுகிற கிரவுன் பழகாது என்று நீங்கள் எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்! நான் அதற்குமேல் ஓட்டவில்லை. கூட வேலை செய்யும் நண்பரின் கொட்டகையில் ஏற்றி, நாங்களே பிரித்தோம்.

பல்லில் மஞ்சள் பேஸ்ட்டைத் தடவினேன். நண்பர் பிரேக் டிரம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பினியனை ஸ்பேனரால் முன்னும் பின்னும் சுற்றினேன். தடம் பல்லின் நடுவில் விழவில்லை. உச்சி விளிம்பை ஒட்டி, நகம் கீறின மாதிரி ஒரு மெல்லிய கோடு. பினியன் உள்ளே போதாமல் நிற்கிறது. பழைய ஷிம்மையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். பிரஸ்ஸில் பேரிங்கைப் பிடுங்கி, மூன்று தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, தடிமன் கூட்டி மாட்டினேன். கூட்டினதும் கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே இருந்த ஆட்டம் குறைந்துபோனது. கிரவுனைப் பக்கவாட்டில் தள்ளி, டயல் வைத்து எட்டு தவ்வில் நிறுத்தினேன். இதில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி பேரிங் சரியான இறுக்கத்துக்கு வரும். ஒரு நூல் அதிகம் முறுக்கினால் தளர்த்திச் சரி செய்ய வழியில்லை, புதுக் குழாய்தான். எனக்கு இரண்டு போய், மூன்றாவது நின்றது. நாலடி பைப்பைக் கம்பியில் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இம்மி இம்மியாக.

மூடி மாட்டி, ஆயில் ஊற்றி, முதல் 500 மைல் பாரமே ஏற்றவில்லை. பதினைந்து இருபது மைல் ஓட்டுவது, நிறுத்தி ஆற விடுவது. பிறகு ஆயிலை இறக்கிப் பார்த்தேன். துணியில் வெள்ளி மாவு மாதிரி ஒட்டியது. துணுக்கு எதுவும் இல்லை.

போன ஞாயிறு அதே மலையில் அதே ட்ரெய்லரோடு ஏறினேன், சித்தப்பா. அடிவாரத்தில் பாக்ஸ் மூன்றாவதுக்கு இறங்கியது, உச்சி வரை அதிலேயே நின்றது. 55 மைல், 2,450 சுற்று, ஊளை இல்லை. உங்களை நினைத்துக்கொண்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

திரும்பி இறங்கும்போதும் நன்றாக இருந்தது. இந்த இறக்கத்தில் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஓரத்தில் மணல் திட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் நியூட்ரல் போடுபவனை வண்டியிலேயே ஏற்றக் கூடாது என்பீர்களே, அது ஞாபகம் வந்தது. இரண்டாவதில் விட்டேன். கிரவுன் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டது, பிரேக்கை அங்கங்கே தொட்டதோடு சரி.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. மூடியை மாட்டுவதற்கு முன்னால் பல்லின் மஞ்சள் தடத்தின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். மேல் வரிசை இழுக்கும் பக்கம், கீழ் வரிசை ஆக்சிலேட்டர் விட்ட பக்கம். மேல் வரிசை எனக்குத் திருப்தி. கீழே மூன்றாவது பல்லில் தடம் உள்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகப் படுகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இப்படியே விடலாமா, இன்னும் ஒரு தவ் வேண்டுமா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை ட்ரெய்லரை மாட்ட மாட்டேன்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள்
செல்வம்