கில்லர்

பேனாக்கத்தி ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? வாத்து இறகைச் சீவிப் பேனாவாக்க வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த கத்தி அது. இறகு போச்சு, மைப்பேனாவும் போச்சு. பேர் மட்டும் நிற்கிறது. ஒரு கத்திக்கு இதைவிடச் சாதுவான பேர் உண்டா, சொல்லுங்கள்!

உத்தரப்பிரதேசத்து ராம்பூர் அவ்வளவு கொடுத்துவைக்கவில்லை. அங்கே செய்த மடக்குக்கத்திக்கு ஊர்ப் பேரே பேராச்சு. இந்தி சினிமா வில்லன்கள் அதை 'டக்'கென்று விரித்து விரித்தே ஊர் மானத்தை வாங்கினார்கள். நாலரை அங்குலத்துக்கு மேல் அலகு கூடாதென்று தொண்ணூறுகளில் அரசு தடை போட, தொழில் படுத்தது. அதே ஊரில் 2023-ல், சுமார் 20 அடியில் கத்திக்கு ஒரு நினைவுச்சின்னம். வேடிக்கைதான்.

பழவேற்காட்டில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் பக்கத்தில் ஒரு மடக்குக்கத்தி. அலகில் ஒரு பக்கம் அரம் போட்டுக் கன்னாபின்னாவென்று ராவியிருந்தது.

"ஏண்ணே இப்படி?"

"பேரு இருந்துச்சு சார்."

மகன் பாரிமுனை நடைபாதையில் வாங்கியது. அலகில் மண்டையோடு, கீழே 'கில்லர்'. அந்தச் சமயம் இரண்டு குப்பங்களுக்குள் பாட்டுத் தகராறு. பாட்டு என்றால் சினிமாப் பாட்டு இல்லை. ஏரியில் யார், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிறார்களே, அந்தப் 'பாடு'. ராத்திரி இறால் கொண்டுபோன பையனை போலீஸ் நிறுத்தியிருக்கிறது.

"நைலான் அறுக்கிற கத்தி ஐயா."

"அப்புறம் ஏன்டா கில்லர்னு எழுதியிருக்கு?"

பாவம், அவனா எழுதினான்? விடிய விடிய ஸ்டேஷன்.

ஆயுதச் சட்ட விதிகள் பார்ப்பது அளவைத்தான். அலகு 9 அங்குல நீளம், இல்லை 2 அங்குல அகலத்தைத் தாண்டினால்தான் பிரச்னை. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக் கத்திகளுக்கு விலக்கு உண்டு. இதுவோ விரல் நீளம். ஆனால், டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிவது பேர்தானே? ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து 'கில்லர்', 'கமாண்டோ' என்று பேர் வைக்கிற புண்ணியவான்கள், அது யார் பாக்கெட்டில் கிடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

"நீங்களா இருந்தா என்ன பேர் வைப்பீங்க?"

"வலைக்கத்தின்னு போட்டா போதும் சார். படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க."

காலையில் கத்தியைக் கொடுத்துவிட்டார்களாம். அப்புறம்தான் இவர் அரத்தை எடுத்திருக்கிறார்.

"இப்ப பையன் வெச்சுக்கிறானா?"

"தொடவே மாட்றான். நூலைப் பல்லால கடிக்கிறான் சார்."