மலைக்குடிலுக்கு மளிகையும் கரியும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவின் வாயிலில் அமைந்த கேட்லின்பர்க் நகரைச் சுற்றியுள்ள வாடகை மரக்குடில்களில் பெரும்பாலும் சமையலறையும், கிரில் எனப்படும் கம்பித்தட்டு அடுப்பும் இருக்கும். மளிகையும் கரியும் தங்குவோர் பொறுப்பு. வளைந்தேறும் மலைச்சாலையில் இருட்டிய பின் உப்புக்காகவும் தீப்பெட்டிக்காகவும் இறங்கி வருவது சிரமமாதலால், அடிவாரத்திலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடுவது நல்லது.

அப்படி வாங்கும் கரியில் ஒரு வகையான பிரிக்கெட் என்பது மரக்கரித் தூளை மாவுப்பசை சேர்த்து அழுத்திய சிறு கட்டி. 1920களில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம், கார்களுக்கென அறுத்த மரத்தின் கழிவிலிருந்து இதைப் பெருமளவில் தயாரித்தது. கட்டிகளின் மேல் வெண்சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்க வேண்டும்; கோழிக்கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும்.

விறகில்தான் கூடுதல் கவனம் தேவை. ஆஷ் மரங்களைத் துளைத்து அழிக்கும் எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு, 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட பின், விறகுக் கட்டுகளில் ஒளிந்தும் தொலைதூரம் பரவியது. அதனால், வெப்பமூட்டிப் பூச்சி நீக்கியதாகச் சான்று பெற்ற விறகை மட்டுமே பூங்காவுக்குள் கொண்டுசெல்ல 2015 முதல் அனுமதி உண்டு.

கம்பியில் உறைந்த கொழுப்பின் வாடைக்கே கருங்கரடி முற்றமேறி வரும். மனித உணவுக்குப் பழகிய கரடியைக் கொல்லவும் நேர்கிறது என்பது நெஞ்சை உறுத்தும் உண்மையாதலால், கம்பியைச் சூடு ஆறுமுன் சுரண்டித் துடைக்கும் கருவியும், கழிவைக் கட்டிப் பூட்டுள்ள தொட்டியில் இடுவதற்கான கெட்டிப் பைகளும் மளிகைப் பட்டியலில் முதலிலேயே இடம்பெற வேண்டும்.