அணைய மறுத்த பிரேக் விளக்கு

இந்த வாரம் பழைய புதுவையைப் பற்றி எழுதவில்லை. காரின் பின்பக்கம் எரியும் பிரேக் விளக்கைப் பற்றி எழுதுகிறேன். லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் என் வயதுக்காரர்கள் பலர் பத்துப் பதினைந்து வருடப் பழைய சிறிய கார் ஒன்றை வாசலில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பாரீசிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அந்தக் கார் ஊர் சுற்றுவதற்கு அல்ல. ஆஸ்பத்திரி, வங்கி, கல்யாண வீடு, சாவு வீடு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட காருக்கு வரக்கூடிய ஒரு சின்ன வியாதி இது.

பிரேக்கை மிதிக்காதபோதும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எங்களுடையதைப் போன்ற பழைய வண்டிகளில் இதற்கென்று முன்னால் எச்சரிக்கை விளக்கு எதுவும் கிடையாது. வெளியில் நிற்பவர் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் அது பேட்டரி வழியாகத் தலைகாட்டியது. மனைவிக்குக் கண்ணில் நீரழுத்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜிப்மரில் காட்ட வேண்டும். சீக்கிரம் போனால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம் என்று காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கோரிமேடு போய்ச் சேர்ந்தோம். மாலையில் பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்து, “பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடுங்க” என்றார். வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது, பில் இதோ இருக்கிறது என்று காட்டினேன். சரி என்று சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். ஐந்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆறாம் நாள் காலையில் மறுபடியும் செத்துக் கிடந்தது.

பாரீசில் இருக்கும் மகனிடம் இதை அவன் அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக அவன் சொல்லிவரும் பேச்சுக்கு இது வசதியாகப் போயிற்று. “காரை வித்துடுங்கப்பா. போன் பண்ணா டாக்சி வாசலுக்கே வருது. எழுபத்தஞ்சு வயசுல எதுக்கு இந்தத் தொல்லை?” அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கண்ணோ காலோ ஒத்துழைக்கவில்லை என்றால் நானே விற்றுவிடுவேன். ஆனால் பேட்டரி இறங்குகிறது, ஏன் என்று தெரியவில்லை என்பதற்காக விற்க எனக்கு மனம் வரவில்லை. வண்டி போனால், இரவு பதினொரு மணிக்கு மனைவிக்கு ஒன்று என்றால் யாரையாவது கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரியும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

காரணத்தைக் காட்டிக் கொடுத்தவன் பால் பாக்கெட் போடும் பையன். “தாத்தா, உங்க வண்டி பின்னாடி செவப்பு லைட்டு எரியுது. போன வாரமும் ஒரு நாள் எரிஞ்சுது” என்றான். போய்ப் பார்த்தேன். பேட்டரியின் கடைசி மூச்சில் இரண்டு விளக்கும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குமாஸ்தா புத்தி, அது போகாது. பிரேக் பல்பு ஒன்றுக்கு 21 வாட், இரண்டுக்கு 42. பேட்டரி 12 வோல்ட். 42-ஐ 12-ஆல் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். இரவு எட்டு மணிக்கு நிறுத்திய வண்டி, காலை ஐந்து மணிக்குள் ஒன்பது மணி நேரத்தில் 31.5 ஆம்பியர் மணி குடித்திருக்கும். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35. பிறகு செல்ஃப் எப்படி எடுக்கும்? பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்குச் சாவி தேவையில்லை. சாவியை எடுத்துவிட்டாலும் மின்சாரம் அங்கே காத்துக்கொண்டிருக்கும். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியை மட்டும் பார்த்தார். அது எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்கவில்லை.

நான் பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன். தொடக்கப் பள்ளியில் எங்களுக்கு ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருள் பாடம் என்று சொல்லலாம். மெழுகுவத்தியோ பூட்டோ ஏதாவது ஒன்றை மேசைமேல் வைப்பார் ஆசிரியர். அதன் பெயர் அப்புறம், முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல் என்பார். ‘ஃபே ஸ்தொப்’ என்று பிரெஞ்சில் சொல்லும் இந்த பிரேக் விளக்கை அந்த மாதிரிப் பார்த்தால் விஷயம் மிக எளிது.

பிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, மூடினால் அணைகிறது அல்லவா? கதவு ஒரு பொத்தானை அழுத்துகிறது. பிரேக்கும் அப்படித்தான். பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கிறது. பெடல் மேலே ஓய்வாக இருக்கும்போது அதன் தண்டு ஸ்விட்சின் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும், விளக்கு அணைந்திருக்கும். காலை வைத்தால் பெடல் விலகும், பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். ஆக, விளக்கு எப்போதும் எரிகிறது என்றால், பொத்தானை யாரும் அழுத்தவில்லை, அல்லது ஸ்விட்சே கெட்டுவிட்டது, அல்லது ஸ்விட்சைத் தாண்டி எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது.

பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்து மாட்டியபின் மனைவியை வண்டிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். “இப்போ?” “எரியுதுங்க.” பெடலுக்கு அடியில் காலை நுழைத்து மேல்நோக்கித் தூக்கினேன். “இப்போ?” “எரியுது.” ஆக, பெடல் பாதி வழியில் சிக்கி நிற்கவில்லை. அடுத்தது, டார்ச் வெளிச்சத்தில் ஸ்விட்சின் பொத்தானை விரலால் உள்ளே தள்ள வேண்டும். குனிந்து கையை நீட்டுவதற்குள் முதுகு வேண்டாம் என்றது. ஆனால் குனிந்ததில் ஒரு லாபம். கால்மிதிமேல் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. ஒன்றை நசுக்கினேன், பழைய பிஸ்கட் போல உதிர்ந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம், என்னை இன்னும் “முசே” என்றுதான் கூப்பிடுவார். துணுக்குகளைக் கையில் கொடுத்ததும் சிரித்தார். “ஸ்டாப்பர் போயிருக்கு, முசே.” பெடல் தண்டில், ஸ்விட்சின் பொத்தானுக்கு நேராக ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் குமிழ் செருகியிருப்பார்கள். பொத்தான் அதன்மேல்தான் மோதும். வருடக்கணக்கான வெயிலில் குமிழ் உலர்ந்து உடைந்தால், பொத்தான் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். எங்கள் வண்டியில் முதலில் பாதிதான் உடைந்திருக்கிறது. மீதிப் பாதியில் பொத்தான் பட்ட நாளெல்லாம் விளக்கு அணைந்தது, படாத நாள் எரிந்தது. ஐந்து நாள் ஓடி ஆறாம் நாள் செத்த கதை அதுதான்.

அவர் உடனே ஒரு ரூபாய் நாணயத்தை அங்கே ஒட்டிவிடலாமா என்று கேட்டார். பலர் அப்படிச் செய்கிறார்களாம். வேண்டாம் என்றேன். மே மாத வெயிலில் பசை இளகி நாணயம் விழுந்தால், விழுகிற இடம் பிரேக்குக்கு அடியில். மறுநாள் உதிரிபாகக் கடையிலிருந்து புதுக் குமிழ் வாங்கி வந்தார். விலை 40 ரூபாய். தலைகீழாகப் படுத்து அதைச் செருக அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிறகு ஸ்விட்சைச் சரிபார்த்தார். பெடலை லேசாகத் தொட்டதும் விளக்கு எரிய வேண்டும், விட்டதும் அணைய வேண்டும். ஸ்விட்சை அளவுக்கு மீறிக் கீழே இறக்கிவிட்டால் அது பெடலையே அழுத்தி, பிரேக் எப்போதும் கொஞ்சம் பிடித்தபடி இருக்கும். வண்டி இழுக்கும், சக்கரம் சூடேறும். புது ஸ்விட்ச் போட்டவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

குமிழ் சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்விட்சின் ஒயர் சொருகியைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போது அணைந்தால் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. அப்போதும் எரிந்தால் ஒயரிலோ பல்பு ஹோல்டரிலோ கோளாறு. இரவு விளக்கைப் போடும்போது மட்டும் இப்படி எரிந்தால் பின்விளக்கின் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஃபியூசைப் பிடுங்கிவிட்டு ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ராத்திரி பேட்டரியைக் காப்பாற்ற அது சரி, ஓட்டுவதற்குச் சரியில்லை.

பேட்டரியைவிடப் பெரிய விஷயம் அதுதான். திண்டிவனம் சாலையில் நமக்குப் பின்னால் வருகிற பஸ் டிரைவருக்கு நாம் நிற்கப் போகிறோம் என்பதைச் சொல்ல அந்த விளக்கைத் தவிர நம்மிடம் வேறொன்றும் இல்லை. அது எப்போதும் எரிந்தால் அவர் அதைச் சாதாரணப் பின்விளக்கு என்று எடுத்துக்கொள்வார். நாம் உண்மையாகவே மிதிக்கும்போது அவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. ராஜீவ் காந்தி சதுக்கத்தில் சிக்னலுக்கு நிற்கும்போதாவது தப்பிக்கலாம். கோரிமேடு தாண்டி எண்பதில் போகும்போது என்ன ஆகும்?

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். 40 ரூபாய் என்றதும் நம்பவில்லை. அவன் அம்மா போனை வாங்கி, “நான்தான்டா பின்னாடி நின்னு பார்த்தேன்” என்றாள். காரை விற்கும் பேச்சை அவன் அன்று எடுக்கவில்லை. அடுத்த வருடம் வண்டிக்குப் பதினைந்து வயது ஆகிறது, பதிவைப் புதுப்பிக்கப் போக வேண்டும், அப்போது எடுப்பான். மெக்கானிக் போகும்போது, கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி ஒரு குமிழ் இருக்கிறது, அதுவும் உதிரத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.