கானன்டார்ஃப் காற்றுக்கு ஆசைப்பட்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' கேம்களின் முடிவுகள் எல்லாம் இதில் வெளியே வந்துவிடும். இன்னும் விளையாடி முடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடவும் :-)

ஒரு வாரமாக எனக்கும் ரூம்மேட்டுக்கும் இதுதான் சண்டை. "வில்லன்னா வில்லன்டா. 1986-ல பன்னி மூஞ்சியோட வந்தான். இன்னிக்கும் அவனேதான். அவனுக்கு எதுக்குக் காரணம்?" என்பது அவன் கட்சி.

நான் பி.காம். போன வருஷ இறுதி இருப்புதான் இந்த வருஷத் தொடக்க இருப்பு என்று படித்தவன். 1998-ல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' முடிவில் கானன்டார்ஃப் கணக்கு இரண்டு பேரேடுகளாகப் பிரிகிறது. லிங்க் ஜெயித்த எதிர்காலத்தின் தொடர்ச்சி 'விண்ட் வேக்கர்' (2002). அவன் சிறுவனாகத் திரும்பிப் போன காலத்தின் தொடர்ச்சி 'ட்வைலைட் பிரின்சஸ்' (2006). லிங்க் தோற்றிருந்தால் என்று மூன்றாவதாக ஒரு பேரேட்டை 2011-ல் 'ஹைரூல் ஹிஸ்டோரியா' புத்தகம் திறந்தது. 1986-ன் பன்றி மூஞ்சி அதில்தான் வருகிறது. 2023-ல் வந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஆளை எங்கே எழுதுவது என்பது தனிப் பஞ்சாயத்து.

எனக்குப் பிடித்தது 'விண்ட் வேக்கர்' கிழவன். ஹைரூல் கடலுக்கடியில் போன பிறகு, கடைசிச் சண்டைக்கு முன் மனம் திறக்கிறான். அவன் பிறந்தது பாலைவனம். பகலில் காற்று சுடும், இரவில் குத்தும். இரண்டுமே சாவு. ஹைரூலின் காற்றோ அப்படி இல்லை. அந்தக் காற்றுக்குத்தான் ஆசைப்பட்டானாம். கேட்டதும் எனக்குக் கோபமே போய்விட்டது.

இதைச் சொன்னதும் ரூம்மேட் கேட்டான்: "நபூருவும் அதே பாலைவனம்தானடா?"

பதில் வரவில்லை. 'ஒக்கரினா'வில் நபூருவும் கெருடோதான், திருடிதான். ஆனால் பெண்களிடமும் குழந்தைகளிடமும் திருடுகிறவன், கொலை செய்கிறவன் என்று கானன்டார்ஃபை வெறுத்து எதிர்த்தாள். இருவர் மேலும் அடித்தது ஒரே காற்று.

அவன் அதோடு விடவில்லை. "2011-ல 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' பாத்தல்ல? டிமைஸ் சாகும்போது விட்ட சாபம்தான் இவன். மேட்டர் முடிஞ்சுது."

இங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். முதலில், அந்தக் காட்சியில் கானன்டார்ஃப் பெயரே வராது. இரண்டாவது, எல்லாம் சாபம்தான் என்றால் அவனை எதற்குத் திட்ட வேண்டும்? நபூருவை எதற்குப் பாராட்ட வேண்டும்? நபூருவையும் சாபத்தையும் ஒரே வாதத்தில் வைக்க முடியாது. அவன் வறுமை நிஜம். அதை வைத்து அவன் செய்தது அவனே எடுத்த முடிவு. அதனால்தான் அவன் நல்ல வில்லன்.

ரூம்மேட் தலையாட்டிவிட்டுச் சிரித்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். போன செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு அரியர். "தமிழ் மீடியம்டா, என்ன பண்றது?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவனும் என் ஸ்கூல்தான். அதே தமிழ் மீடியம். அவன் பாஸ்.