காலி வீதியின் பஸ் கணக்கு

கொழும்பு செல்லும் நம்மவருக்கு வெள்ளவத்தை புதிய இடமன்று. அங்கே காலி வீதியோரத்தில் காலை ஏழு மணிக்கு நாம் சற்றே நின்று நோக்கினோம். கோட்டைப் பக்கம் செல்லும் பஸ்களில் மிதிபலகையிலும் மனிதர். பாணந்துறைக்குத் திரும்புவனவற்றிலோ ஆசனங்கள் பல வெறுமை. மாலையில் இது தலைகீழாகும். இடையே, பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலைகள் விட்டதும் வெண்சீருடைப் பெருக்கொன்று எழும்.

காலை நெருக்கத்துக்கெனப் பஸ்களை வாங்கினால் நண்பகலில் அவற்றுட் பல சும்மா நிற்கும். நண்பகலுக்கென வாங்கினால் காலையிற் சனம் வீதியில் நிற்கும். மணிக்கு 1,200 பேர் செல்லவேண்டும், பஸ் ஒன்று 60 பேரை ஏற்றும் எனக் கொள்வோம். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 20 பஸ்கள் போதும். மூன்று ஒருங்கே வந்து, பின்னர் ஒன்பது நிமிடம் ஒன்றும் வராதிருப்பினும் கூட்டுத்தொகை 20 தான்! முதலாவது பிதுங்கும், மூன்றாவது வெறுமையாய் ஓடும்.

பாணந்துறையிலிருந்து 100ஆம் இலக்கமும் மொறட்டுவையிலிருந்து 101ஆம் இலக்கமும் இவ்வீதியாற் புறக்கோட்டை செல்கின்றன. நகரை அண்மிக்கச் சனம் பெருகுமிடத்தில் பஸ்ஸும் பெருகுவது நல்ல ஏற்பாடே.

1958இல் பஸ் சேவை அரசுடைமையாயிற்று. 1970களின் இறுதியில் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். அன்றாட வசூலை நம்பும் பஸ், நிரம்பும்வரை தரிப்பில் நிற்கும். இரவில் வசூல் குறைவு. ஆதலாற் பஸ்ஸும் குறைவு. கடமை முடிந்த தாதியும், ரியூசன் முடிந்த மாணவியும் காத்திருப்பது அவ்வேளையிற்றான்.

மாணவர் ஒன்றைக் கவனிக்க: விற்ற சீட்டுகளை எண்ணினால் ஏறியோர் தொகை கிடைக்கும். ஏற இடமின்றி நின்றோர் அக்கணக்கில் இல்லை. அவர்களை எண்ணுவதற்கு ஒருவர் தரிப்பிலேயே நிற்க வேண்டும்.