கைக்குச் சுருட்டு, காதுக்குக் கதை

சுருட்டு என்றதும் நம் பெரியவர்களுக்குத் திருச்சி உறையூர்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர்கள் 'செரூட்' என்று சொன்னார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு' என்பதிலிருந்து போனதுதான். ஆனால் சுருட்டுக்குப் பேர்போன ஊர் எது என்று உலகத்தாரைக் கேட்டால், அவர்கள் சொல்லும் பெயர் ஹவானா.

ஹவானா, கியூபாத் தீவின் தலைநகரம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்குத் தெற்கே, கடலில் ஒரு முதலை நீட்டிப் படுத்திருப்பதுபோல் கிடக்கிறது அந்தத் தீவு. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், அதாவது 1898 வரை, அது ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. இன்றும் மக்கள் பேசுவது ஸ்பானிய மொழிதான்.

புகை பிடிப்பது உடலுக்குக் கேடு. சுருட்டின் பெருமையைப் பாட இங்கே நான் வரவில்லை. அந்தச் சுருட்டைச் சுற்றிய தொழிலாளர்கள் தங்கள் வேலைத்தலத்தில் உண்டாக்கிக்கொண்ட ஓர் அரிய வழக்கத்தைச் சொல்லத்தான் வந்தேன். உழைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இலை விளையும் பூமி

ஹவானாவிலிருந்து மேற்கே போனால் பினார் தெல் ரியோ என்னும் மாநிலம் வருகிறது. அங்கே வின்யாலெஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நம் ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன அல்லவா? அதே மாதிரிக் குன்றுகள் அங்கேயும் நிற்கின்றன. குன்றுகளுக்கு நடுவே செம்மண் நிலம். அந்த நிலத்தில் இன்னமும் மாடு பூட்டி ஏர் உழுகிறார்கள். 1999-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

புகையிலையை ஆண்டுக் கடைசியில் நட்டு, அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை ஒடிக்கிறார்கள். ஒடித்த இலையை ஊசி நூலால் கோத்து, பனையோலை வேய்ந்த உயரமான கொட்டகைகளில் கழிகளின் மேல் தொங்கவிடுகிறார்கள். பச்சை மாறி, மஞ்சளாகி, பழுப்பாகிறது இலை. பிறகு அது ஹவானாவிலுள்ள சுருட்டுச் சாலைகளுக்குப் போகிறது.

சத்தமில்லாத தொழிற்சாலை

சுருட்டுச் சாலையில் பெரிய இயந்திரம் கிடையாது. நீண்ட கூடம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காருவதுபோல் வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பலகை, கொஞ்சம் பசை, பிறைபோல் வளைந்த கைப்பிடியில்லாத ஒரு கத்தி. அந்தக் கத்திக்கு 'சவேத்தா' என்று பெயர். உள்ளிலைகளைக் கையில் சேர்த்து, கட்டிலையால் சுற்றி, மேலிலையை அழகாகப் போர்த்தி முடிக்க வேண்டும். கூலி, சுற்றிய சுருட்டின் கணக்குக்கு.

கை பழகிவிட்டால் வேலைக்கு மூளை தேவையில்லை. காலையிலிருந்து மாலைவரை அதே இலை, அதே உருட்டல். பேசினால் வேலை கெடும். பேசாமல் இருந்தால் மனம் வாடும். பால் மரத்தடியில் தன் நிரையில் தனியாக நடந்த நம் ஆட்களுக்கு இந்தத் தனிமை புரியாததல்ல. ஆனால் அங்கே முந்நூறு பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். அந்த வசதியைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1865: முதல் வாசிப்பு

இந்த யோசனை முதலில் ஒரு தோட்டத்தில்தான் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1839-இல் கியூபாவைச் சுற்றிப் பார்த்த ஸ்பானிய எழுத்தாளர் ஹசிந்தோ தே சாலாஸ் இ கிரோகா, ஒரு காப்பித் தோட்டத்தில் அடிமைகள் வாய் திறக்காமல் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டார். இவர்களுக்கு யாராவது ஒரு நல்ல புத்தகத்தைப் படித்துக் காட்டினால் என்ன என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கியூபாவில் அடிமை முறை முற்றிலும் ஒழிந்தது 1886-இல்தான். அதற்கிடையே 1847 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களை ஒப்பந்தத்தில் கட்டிக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கும் 'கூலி' என்றுதான் பெயர்.

காப்பித் தோட்டத்தில் நடக்காதது சுருட்டுச் சாலையில் நடந்தது. சத்துர்னினோ மார்த்தினெஸ் என்பவர் ஒரு சுருட்டுத் தொழிலாளி. கவிதையும் எழுதுவார். அவர் 1865-இல் 'லா அவுரோரா', அதாவது 'வைகறை', என்ற பெயரில் தொழிலாளர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆனால் வாங்கிய பத்திரிகையைப் படிக்க வேண்டுமே! தொழிலாளர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே அதே ஆண்டின் இறுதியில் 'எல் ஃபீகரோ' என்ற சுருட்டுச் சாலையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு உரக்கப் படிப்பார். அதனால் அவருக்கு விட்டுப்போகும் கூலியை மற்றவர்கள் சேர்ந்து கொடுத்துவிடுவார்கள். முதலாளி ஒரு காசு கொடுக்கவில்லை. அத்தனையும் தொழிலாளர்களின் சொந்தக் கூலிப் பணம்.

1866 தொடக்கத்தில் பெயர் பெற்ற பார்த்தகாஸ் சாலையிலும் வாசிப்பு தொடங்கியது. பிறகு ஒவ்வொரு சாலையாகப் பரவியது. படிப்பவருக்கு 'லெக்டோர்' என்று பெயர் வந்தது. கூடத்தின் நடுவே அவருக்கென ஒரு மேடை போட்டார்கள்.

முதலாளிக்குப் பயம், அரசுக்கும் பயம்

படிப்பு நல்லதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நாம் கேட்கலாம். ஆட்சியில் இருந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. கதை கேட்பவன் செய்தியும் கேட்பான். செய்தி கேட்பவன் கேள்வியும் கேட்பான். வாசிப்பு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1866 மே மாதத்தில், ஸ்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வேலை நேரத்தில் புத்தகமோ பத்திரிகையோ படித்துத் தொழிலாளர் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்பது அந்த ஆணை. மேடைகள் வெறுமையாயின.

1868-இல் கியூபாவில் விடுதலைப் போர் மூண்டது. பல முதலாளிகளும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் கடலைக் கடந்து ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். முதலில் கீ வெஸ்ட் தீவு, 1886 முதல் டாம்பா நகரம். துணிமணியோடு லெக்டோர் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். கியூபாவிலும் போர் ஓய்ந்தபின் வாசிப்பு திரும்ப வந்தது.

அந்த மேடை ஒரு நாட்டின் விடுதலைக்கே உதவியது என்றால் மிகையாகாது. கீ வெஸ்ட்டில் லெக்டோராக இருந்த ஹோசே தொலோரெஸ் போயோ, விடுதலை இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். கியூபாவின் பெரும் கவிஞரும் விடுதலைத் தலைவருமான ஹோசே மார்த்தி, 1891 நவம்பரில் டாம்பாவுக்கு வந்து சுருட்டுத் தொழிலாளர்களிடையே பேசினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பகுதியை நாட்டுக்கென ஒதுக்கிக் கொடுத்தார்கள். மார்த்தி 1895-இல் போர்க்களத்தில் உயிர் விட்டார். 1898-இல் ஸ்பானிய ஆட்சி முடிந்தது.

என்ன படித்தார்கள்?

காலையில் செய்தித்தாள். பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதை லெக்டோர் முடிவு செய்ய முடியாது. அவர் சில புத்தகங்களின் பெயரைச் சொல்வார், கதையைச் சுருக்கமாக விளக்குவார், தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பணம் வசூலிக்கவும் ஒழுங்கு பார்க்கவும் தங்களுக்குள் ஒரு தலைவரையும் வைத்துக்கொண்டார்கள். டாம்பாவில் ஆளுக்கு வாரம் 25 காசு வரை கொடுத்தார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கூடத்தின் கடைசி மேசை வரை குரல் எட்ட வேண்டும். கிழவன் பேசும்போது கிழவன் குரல், சிறுமி பேசும்போது சிறுமி குரல் வேண்டும். படிப்பு பிடித்துவிட்டால் தொழிலாளர்கள் கைதட்டமாட்டார்கள். கை வேலையில் இருக்கிறதே! சவேத்தாவால் பலகையைத் தட்டுவார்கள். முந்நூறு கத்திகள் ஒருசேரத் தட்டும் ஓசையைக் கற்பனை செய்து பாருங்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போட்டு ஓசை எழுப்புவார்கள். அதைவிடப் பெரிய விமர்சனம் எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்காது.

பிரெஞ்சு எழுத்தாளர்களான விக்தோர் யூகோ, அலெக்சாந்தர் தூமா, எமில் சோலா ஆகியோரின் நாவல்களுக்கு அங்கே தனி மதிப்பு. தூமாவின் 'மான்டி கிறிஸ்டோ பிரபு' கதையில், எட்மண்ட் தாந்தே என்ற இளம் மாலுமி செய்யாத குற்றத்துக்காகக் கடற்கோட்டைச் சிறையில் அடைபடுகிறான். பல ஆண்டுகள் கழித்துத் தப்பி, புதையலைக் கண்டெடுத்து, தன்னைக் கெடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான். அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதை இனிக்காதா? 1935-இல் ஹவானாவில் ஒரு புதுச் சுருட்டுக்கு 'மான்டெகிறிஸ்டோ' என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் உலகப் புகழ் பெற்ற பெயர் அது.

'ரோமியோ ஹூலியேத்தா' என்றும் ஒரு சுருட்டு உண்டு. ஷேக்ஸ்பியரின் காதலர்கள்தான். 'சாஞ்சோ பான்சா' என்றும் உண்டு. ஸ்பானிய மொழியின் தலைசிறந்த நாவல் என்று போற்றப்படுவது செர்வாந்தெஸ் எழுதிய 'தோன் கிஹோத்தே'. அதன் முதல் பகுதி 1605-இல் வெளிவந்தது. காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் கிழட்டு வீரனுக்குத் துணையாகக் கழுதைமேல் வரும் குடியானவன்தான் சாஞ்சோ. படிக்காதவன், ஆனால் பழமொழிக்குப் பஞ்சமில்லாதவன். அவன் பேச்சை உரக்கப் படித்துக் கேட்டால் தங்கள் ஊர்க்காரன் ஒருவன் பேசுவதுபோல் இருந்திருக்கும்.

பெண்களும் லெக்டோர் ஆனார்கள். போர்த்தோ ரிக்கோ தீவில் 1879-இல் பிறந்த லூயிசா கபெத்தியோ, சுருட்டுச் சாலைகளில் படித்துக் காட்டியே தொழிற்சங்கத் தலைவியாக வளர்ந்தவர். 1915-இல் ஹவானா வீதியில் கால்சட்டை அணிந்து நடந்தார் என்று அவரைக் கைது செய்தார்கள்!

டாம்பாவில் இழந்தது

இந்தக் கதைக்குச் சோகமான ஒரு கிளையும் உண்டு. 1931-இல் டாம்பா முதலாளிகள், லெக்டோர்கள் தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டி வாசிப்பை நிறுத்தினார்கள். மேடைகளைப் பிடுங்கி எடுத்தார்கள். தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். முதலாளிகள் கதவை அடைத்தார்கள். பஞ்ச காலம். வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? கடைசியில் வேலைக்குத் திரும்பியபோது லெக்டோர் இல்லை. மேடை இருந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. வானொலி பாடும், பேசும். ஆனால் எதைப் பேச வேண்டும் என்று அதனிடம் ஓட்டுப் போட்டுச் சொல்ல முடியுமா?

அப்படி வேலை இழந்தவர்களைப் போலச் சோர்ந்துவிடாமல் தனி வழி கண்டவர் விக்தோரியானோ மன்தேய்கா. டாம்பாவில் லெக்டோராக இருந்துகொண்டே 1922-இல் 'லா கசேத்தா' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். மேடை போனாலும் பத்திரிகை நின்றது. நூறாண்டைத் தாண்டியது.

இன்றும் கேட்கிற குரல்

கியூபாவில் கதை வேறு. 1920-களில் அங்கேயும் வானொலி வந்தது. ஆனால் தொழிலாளர்கள் லெக்டோரை விட்டுக்கொடுக்கவில்லை. 1959 புரட்சிக்குப் பிறகு சாலைகள் அரசுடைமையாயின. லெக்டோருக்கும் சம்பளம் ஏற்பட்டது. 1961-இல் கியூபா எழுத்தறிவு இயக்கம் ஒன்றை நடத்தியது. ஒரு லட்சம் இளைஞர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓராண்டில் எழுதப் படிக்கக் கற்றார்கள்.

எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த பிறகு படித்துக் காட்ட ஆள் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. தனியாகப் படிப்பது ஒரு சுகம், கூடிக் கேட்பது வேறொரு சுகம். இன்றும் கியூபாவின் சுருட்டுச் சாலைகளில் செய்தித்தாளும் நாவலும் ஒலிபெருக்கியில் ஒலிக்கின்றன. படிப்பவர்களில் பலர் பெண்கள். சாலையில் நடக்கும் திருமணம், பிறப்பு, இறப்புச் செய்திகளையும் அவர்களே அறிவிக்கிறார்கள். தொழிலாளர்கள் தங்கள் சங்கடங்களை அவர்களிடம்தான் சொல்கிறார்கள். 2012-இல் கியூபா அரசு இந்த வாசிப்பை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

ஹவானாவுக்குப் போகிறவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் பின்புறம் போனால் பார்த்தகாஸ் சாலையின் பழைய கட்டடத்தைக் காணலாம். 1845 என்று முகப்பிலேயே எழுதியிருக்கும். தொழில் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஆயினும் 1866-இல் முதன்முதலாகப் பார்த்தகாஸ் தொழிலாளர்கள் வாசிப்பைக் கேட்ட கதையை அந்த வாசலில் நின்று நினைத்துக்கொள்ளலாம்.

நம் தோட்டங்களிலும் ஒரு காலம் இருந்தது. லயத்து வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு, எழுத்தறிந்த ஒருவர் செய்தித்தாளையோ பெரிய எழுத்துப் பாரதத்தையோ படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்கு லெக்டோர் என்ற பட்டம் இல்லை, கூலி இல்லை. கிடைத்தது ஒரு குவளைத் தேநீர்தான். அந்தப் பெரியவர்களில் சிலர் கண் மங்கி இன்னும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இதழை நீங்கள் படித்து முடித்ததும், அவர்களுக்குப் பிடித்த பக்கம் எது என்று கேளுங்கள். பிள்ளைகளை விட்டு அதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.