கிரீஸ் கறை படிந்த பக்கங்கள்... ஸ்பார்க்ஃபோர்டு போவோமா?

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், ஏ303 சாலையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர் ஸ்பார்க்ஃபோர்டு. சொந்த காரைத் தாங்களே ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு மறக்க முடியாத பெயர். 'ஹேய்ன்ஸ்' கையேடுகளின் ஊர் இது!

விமானப்படையில் இருந்த ஜான் ஹேய்ன்ஸ், நண்பரின் காரைச் சரிசெய்ய கம்பெனி புத்தகம் கைகொடுக்காததால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தார். 1966-ல் முதல் கையேடு வெளியானது. வேலை எவ்வளவு கஷ்டம் என்பதை ஸ்பேனர் படங்களே சொல்லிவிடும். ஒரு ஸ்பேனர் என்றால் புதியவரும் துணியலாம். ஐந்து என்றால் கைதேர்ந்தவர் வேலை.

2020-ல், புது மாடல் கார்களுக்கு இனி அச்சுப் புத்தகம் இல்லை என அறிவிப்பு வந்தது. இனி எல்லாம் ஆன்லைன்தான். தேடுவது சுலபம், உண்மைதான். ஆனால், போனில் பட்ட கிரீஸைத் துடைத்துவிடுகிறோம். புத்தகத்தில் பட்டது அப்படியே தங்கிவிடும். அப்பா எந்தப் பக்கத்தோடு அதிகம் மல்லுக்கட்டினார் என்பதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பது அந்தக் கறைதான்!